கம்ப்யூட்டரோடு போக்கர்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஓர் ஆட்டம்

கும்பகோணத்தான்

போக்கர் நைட் அட் தி இன்வென்டரி என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆடியவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். 2010-ல் டெல்டேல் கம்பெனி வெளியிட்டது. மேசையில் கம்ப்யூட்டர் ஆட்களான டைகோ, மேக்ஸ், ஸ்ட்ராங் பேட், ஹெவி, அப்புறம் நாம். தலைக்கு 10,000 டாலர். எப்போதாவது ஒருவன் பணத்துக்குப் பதில் தன் பொருளை வைப்பான். அன்றைக்கு ஹெவி வைத்தது அயர்ன் கர்ட்டன் துப்பாக்கி. ஜெயித்தால் டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற இன்னொரு கம்ப்யூட்டர் ஆட்டத்தில் அது நமக்கே வந்துவிடும். மூன்று வாரமாக அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஹெவியை நாமேதான் வெளியே அனுப்ப வேண்டும், வேறு யாராவது முடித்துவிட்டால் போச்சு.

என் கையில் இரண்டு ஒன்பது. ஹெவி மிச்சமிருந்த சிப்ஸ் (பந்தய வில்லைகள்) எல்லாவற்றையும் தள்ளினான். டைகோ அதற்கு மேல் ரைஸ், பந்தயத்தை இன்னும் ஏற்றினான். பயந்துபோய் ஃபோல்டு செய்தேன், கார்டைப் போட்டுவிட்டு விலகினேன். ஃப்ளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று கார்டு) முதலில் திரும்பியது டைமன் ஒன்பது. இருந்திருந்தால் எனக்கு மூன்று ஒன்பது. டைகோ வெறும் இரண்டு ஜோடியில் ஜெயிக்க, ஹெவி மேசையை விட்டுப் போனான். துப்பாக்கி ஒரு மாதம் கழித்து வேறொரு ஆட்டத்தில் கிடைத்தது. ஆனால் கண்ணில் நிற்பது அந்த டைமன் ஒன்பதுதான்.

நைட் டூட்டி

நான் ஆடுவது போனில், நெட் இல்லாமல் ஓடும் ஓர் ஆப். பெயர் வேண்டாம். விடியற்காலை மூன்று மணி, கையில் இரண்டு ஏஸ். இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் ஆல்-இன் போட்டேன். எதிர் சீட்டுக்காரன் படத்துக்கு மேலே மூன்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன, யோசிக்கிறானாம். அப்புறம் கால், என் பந்தயத்துக்குச் சமமாக அவனும் போட்டான். அவனிடம் இருந்தது ஏழும் இரண்டும்! கிங், ஏழு, ஜாக், ஐந்து வந்தது. கடைசி கார்டு இரண்டு, அவனுக்கு இரண்டு ஜோடி. எத்தனை நாள் சேர்த்த சிப்ஸ்! அந்த ஆப் என் கார்டைப் பார்த்துத்தான் ஆடுகிறது, யார் என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன்.

கணக்கு வாத்தியார்

நைட் டூட்டி, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் ஏஸ் ஜோடி அதற்குத் தெரிந்திருந்தால் ஏழு-இரண்டை வைத்துக்கொண்டு கால் பண்ணுமா? ஏஸ் ஜோடி அந்தக் கையை 100-க்கு 88 தடவை ஜெயிக்கும். மிச்சம் 12 தடவை தோற்கத்தான் செய்யும். ஏஸ் ஜோடி 221 தடவைக்கு ஒருமுறைதான் வருகிறது, அதனால் தோற்றது மட்டும் மனசில் ஒட்டிக்கொள்கிறது. கார்டைப் பார்க்காமலே கம்ப்யூட்டரால் ஜெயிக்க முடியும். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் கேசினோவில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற போக்கர் புரோகிராம் 1,20,000 ஆட்டம் ஆடி நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தது. அதற்குப் பின்னால் சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. உங்கள் போனில் இருப்பது அந்த ரகம் இல்லை.

ஒரு நோட்டு போடுங்கள். யார் எதற்கெல்லாம் கால் பண்ணுகிறான் என்று 200 ஆட்டம் எழுதுங்கள். எதற்கும் கால் பண்ணுகிறவனிடம் ப்ளஃப் (மோசமான கார்டை வைத்து மிரட்டுவது) வேண்டாம், நல்ல கார்டு வரும்போது பெரிதாகப் போடுங்கள். ஃப்ளாப்பில் ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து கார்டு) ஒரு கார்டு குறைந்தால் உங்களுக்கு உதவும் கார்டு ஒன்பது. நாலால் பெருக்கினால் அது சேரும் வாய்ப்பு 36 சதவீதம், உண்மைக் கணக்கு 35 சதவீதம். நான்காவது பொதுக் கார்டான டர்னுக்கு அப்புறம் இரண்டால் பெருக்கினால் போதும். கும்பகோணத்தான் ஃபோல்டு செய்ததும் சரியான முடிவுதான், இரண்டு பேர் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். நானும் ஒருமுறை ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து கார்டு) வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய ஃப்ளஷ்ஷிடம் மொத்தத்தையும் விட்டிருக்கிறேன்.

நைட் டூட்டி

வரப்போகும் கார்டும் அதற்குத் தெரிந்திருந்தால் கால் பண்ணும்தானே சார்?

கும்பகோணத்தான்

வாத்தியாரே, சிப்ஸ் கணக்குக்கு அது சரி. அன்றைக்கு மேசையில் இருந்தது துப்பாக்கி. ஹெவி போய்விட்டால் எனக்கு அங்கே வேலையே இல்லை. அந்த ஓர் ஆட்டத்தில் நான் இருந்திருக்க வேண்டும்.

மூத்த மகள்

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் இருந்தபோது டேப்லெட்டில் போக்கர் சொல்லிக் கொடுத்தேன். கல்யாண மண்டபத்தில் ரம்மி ஆடிய கை, இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் ஆட்களை "அஞ்சாவது சீட்டுத் தம்பி" என்றுதான் சொல்வார். ஒருநாள் எட்டும் மூன்றும் வைத்திருந்தார், ஜோடிகூட இல்லை. கடைசிப் பொதுக் கார்டான ரிவர் திரும்பியதும் ஒற்றை விரலால் பந்தயப் பட்டையை முழுக்க மேலே இழுத்துவிட்டார். நான் "ஐயோ அம்மா" என்பதற்குள் அஞ்சாவது சீட்டுத் தம்பி ஃபோல்டு. அவன் கார்டு இரண்டும் கவிழ்ந்தபடியே நகர்ந்து மறைந்தன.

"அவன் என்னடி வெச்சிருந்தான்?"

ஃபோல்டு செய்துவிட்டால் காட்ட மாட்டான் என்றேன். சரி என்று தலையாட்டினார். மறுநாள் தலை வாரிவிடும்போது, "ராஜா வெச்சிருந்திருப்பானோ?" என்று கேட்டார்.