பர்சனாலிட்டி டெஸ்ட் முடிவு நம் விழுமியங்களைச் சொல்லுமா?

கேள்விக்குறி:
எம்பிடிஐ என்ற பர்சனாலிட்டி டெஸ்டை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு 'திங்கிங்' (T) வராமல் 'ஃபீலிங்' (F) பக்கம்தான் வருகிறது. கொள்கையை விட்டுக்கொடுக்காத ஆள் நான், அதைத்தான் டெஸ்ட் காட்டுகிறது. 'திங்கிங்' வந்தவர்களுக்கு முதலில் கணக்கு, மனசாட்சியெல்லாம் அப்புறம். மறுப்பவர்கள் வரலாம்.

ஒற்றைத்திரி:
வந்துவிட்டேன். எனக்கு 'திங்கிங்'. ஒரே தப்பைச் செய்த இரண்டு பேரில் வேண்டப்பட்டவரை மட்டும் தப்பவிடக் கூடாது என்று அடம்பிடித்து ஊர்ப்பட்ட கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன், அது கணக்கா, மனசாட்சியா? முடிவெடுக்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று அந்த எழுத்து சொல்லலாம், எதற்காக உறுதியாக நிற்போம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

ராத்திரி ஆந்தை:
எம்பிடிஐயை வைத்துச் சண்டை போட்டால் விடியாது. உளவியலாளர் யுங் 1921-இல் ஆளுமை வகைகளைப் பற்றி எழுதியதை எடுத்துக்கொண்டு பிரிக்ஸும் அவர் மகள் மையர்ஸும் உருவாக்கியது அது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஐந்து குணங்களை அளக்கும் பிக் ஃபைவ் பக்கம் போய்விட்டார்கள். விழுமியங்களுக்குத் தனி அளவுகோலே உண்டு, உளவியலாளர் ஷ்வார்ட்ஸ் 1992-இல் பத்து வகையாகப் பிரித்தார்: பாதுகாப்பு, மரபு, அதிகாரம், சாதனை இப்படி. பிக் ஃபைவ் குணங்களையும் இந்த விழுமியங்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு 2015-இல் வந்தது. புதுமை நாட்டமும் இணக்க குணமும் சில விழுமியங்களோடு நன்றாகவே ஒத்துப்போகின்றன, பதற்ற குணத்துக்கும் விழுமியங்களுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை.

ஒற்றைத்திரி:
ஒத்துப்போனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஒழுங்கை உயிராக மதிக்கிறவர், மேசையில் பாதி எழுதிய படிவங்கள் குவிந்து கிடக்கும், கெடு முடிந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டு எழுதுவார். டெஸ்டில் அவருக்கு மதிப்பெண் குறைவாகத்தான் வரும். ஒழுங்கு அவருக்கு முக்கியமில்லை என்பீர்களா?

கேள்விக்குறி:
அவர் உண்மையைப் போட்டால்தானே குறையும்! 'பிறர் கஷ்டத்தைப் பார்த்தால் மனம் இளகிவிடும்' என்ற வரிக்கு நேராக டிக் அடிக்கும்போது போன வாரம் என்ன செய்தோம் என்று யார் யோசிக்கிறார்கள்? எப்படி இருக்க ஆசையோ அதற்குத்தான் டிக் விழுகிறது. ஆக விழுமியம் முடிவுக்குள் வந்துவிட்டது.

ஒற்றைத்திரி:
அப்படியென்றால் உங்கள் 'ஃபீலிங்' நீங்கள் இரக்கமுள்ளவர் என்று காட்டவில்லை, அப்படித் தெரிய ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் காட்டுகிறது. உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள்.

கேள்விக்குறி:
ஆசைப்படுவதும் விழுமியம்தானே?

ராத்திரி ஆந்தை:
தெரிய ஆசையா, இருக்க ஆசையா, அதைப் பிரித்துக் காட்ட டிக் போதாது. கூடவே இருக்கிறவரிடம் அதே கேள்விகளைக் கொடுத்து உங்களைப் பற்றிப் பதில் போடச் சொல்லுங்கள், எந்தெந்த வரியில் இரண்டு பேரும் முட்டிக்கொள்கிறீர்கள் என்று இங்கே போடுங்கள். அதுவரை இந்த ஃபீலிங், திங்கிங் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.