சென்னை–நியூயார்க்: துபாய் வழியா, சிங்கப்பூர் வழியா?

கீழக்கரைவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். நியூயார்க்கில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்காக உம்மாவை ஜூன் மாதம் தனியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் உறவினர்கள் இருப்பதால் வீட்டில் அந்த வழியையே விரும்புகிறார்கள். நான் துபாய் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் தொலைவும் நேரமும் எவ்வளவு? துபாயில் காலை 8.30 மணிக்குப் புறப்படும் விமானம் அன்றே பிற்பகல் 2.30 மணிக்கு நியூயார்க்கில் இறங்கும் என்று காட்டுகிறதே, ஆறு மணி நேரத்தில் எப்படிப் போய்ச் சேரும்?

தொண்டிக்காரன்:
வ அலைக்கும் ஸலாம், காக்கா. உம்மாவின் உடல்நலத்தை எண்ணினால் துபாய் வழியே ஏற்றது. சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். இரண்டும் சுமார் 2,900 கி.மீ., நான்கு மணி நேரப் பயணம். அதன் பிறகுதான் வேறுபாடு. துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 11,000 கி.மீ., சிங்கப்பூரிலிருந்தோ 15,300 கி.மீ. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதையே சுமார் 13,500 கி.மீ. என்பதால், துபாய் வழியில் சில நூறு கி.மீ. மட்டுமே கூடுகிறது, சிங்கப்பூர் வழியில் நான்காயிரத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. சிங்கப்பூர்–நியூயார்க் விமானம் உலகின் மிக நீண்ட இடைநில்லாச் சேவைகளில் ஒன்று. பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் ஒரே இருக்கையில் அமர்ந்திருப்பது வயதானவர்களுக்கு எளிதன்று.

நீங்கள் கண்ட ஆறு மணி நேரம் கடிகார வேறுபாட்டால் வருவது. புறப்படும் நேரத்தைத் துபாய்க் கணக்கிலும் இறங்கும் நேரத்தை நியூயார்க் கணக்கிலும் குறிப்பார்கள். ஜூனில் நியூயார்க் துபாயைவிட 8 மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே உண்மையான பயணம் 14 மணி நேரம்.

பாம்பன் மாலுமி:
தொண்டித் தம்பி சொன்ன கணக்கு சரி. வரைபடத்தில் துபாயிலிருந்து நேர்மேற்காகக் கோடு போட்டுப் பார்த்தால் இந்தத் தொலைவு பொருந்தாது. உருண்டையான பூமியில் குறுகிய பாதை வடக்கே வளைந்து, ஐரோப்பாவைக் கடந்து, வட அட்லாண்டிக்கின் மேலாகச் செல்கிறது. கப்பலில் நாங்களும் நீண்ட கடற்பயணத்துக்கு இதே பெருவட்டக் கணக்கைத்தான் போடுவோம்.

திரும்பி வரும்போது அதே தொலைவு சுமார் பன்னிரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றோட்டம் ஓடுகிறது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மேற்கே போகும் வள்ளமும் கிழக்கே வரும் வள்ளமும் ஒரே நேரத்தில் கரை சேருவதில்லை அல்லவா, அதைப் போலத்தான். குளிர்காலத்தில் இந்தக் காற்று மேலும் வலுக்கும். ஜூனில் சற்றுத் தணிந்திருக்கும்.

கீழக்கரைவாசி:
மிக்க நன்றி. வீட்டாரிடம் கணக்கைக் காட்டினேன்; துபாய் வழிக்கே ஒப்புக்கொண்டார்கள்.

இராமநாதபுரம் ராத்தா:
தம்பி, இரண்டு விமானங்களையும் ஒரே முன்பதிவில் எடுங்கள். அப்போதுதான் பெட்டிகள் பொதுவாக நேரே நியூயார்க் வரை போகும். தனித்தனியாக எடுத்தால் துபாயில் உம்மாவே பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரலாம். சக்கர நாற்காலி உதவியை இப்போதே கேட்டுப் பதிந்துவிடுங்கள். இராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கே ஓர் இரவு ரயிலில் கழிகிறது என்பதால், இறங்கிய அன்றே விமானம் ஏற்றாமல் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். பதினான்கு மணி நேரமும் காலைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருந்தால் கால் வீங்கும், இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. நடைபாதை ஓர இருக்கையை எடுத்து, அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லி அனுப்புங்கள்.