கதிர்க்குருவியும் தழைச்சிட்டும்

வணக்கம்.

வார்ப்ளர் (warbler) என்று ஆங்கிலத்தில் சொல்லும் சின்ன வலசைப் பறவைக்குத் தமிழில் 'பாடுகுருவி' என்று பெயர் வைக்கலாம் என ஐயா முன்மொழிந்ததை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். என்னால் ஏற்க முடியவில்லை. கேரளத்து மறையூரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பறவையின் பாட்டைக் கேட்பது அபூர்வம். செப்டம்பர், அக்டோபரில் வந்து ஏப்ரல் வாக்கில் கிளம்பிவிடுகிறது. இணை தேடிப் பாடுவதெல்லாம் இமயம், மத்திய ஆசியா போன்ற வடக்குப் பகுதிகளில்தான். நம் காதில் விழுவது 'ச்சி-வீ' என்ற சின்னக் கூப்பாடு. கேட்காத பாட்டைப் பெயரில் வைத்தால், பெயரைக் கொண்டு பறவையைத் தேடும் பிள்ளை ஏமாந்துபோகும்.

புழக்கத்திலுள்ள 'கதிர்க்குருவி'யிலும் சிக்கல் உண்டு. எங்கள் கரும்புத் தோட்டத்து ஓரத்தில் வாலை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு திரிகிறதே, சாம்பல் கதிர்க்குருவி, அது பிரினியா என்ற வேறு வகை. எழுந்து பறக்கும்போது விரல் சொடுக்கியதுபோல ஓர் ஒலி வரும். ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது, இங்கேயே கூடு கட்டுகிறது. அதற்கு அந்தப் பெயர் அச்சாகப் பொருந்துகிறது. மலையாளத்திலும் அதைக் 'கதிர்வாலன்' என்கிறார்கள். அதே பெயரைத்தான் மரக்கிளையில் திரியும் வலசைப் பறவைக்கும் நாம் கொடுத்து வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் சில்விடே என்ற ஒரே குடும்பத்தில் அடைத்திருந்த காலத்தில் அது சரி. 2006-க்குப் பிறகு இந்த வலசைப் பறவை அடங்கிய ஃபில்லோஸ்கோபஸ் இனங்கள் தனிக் குடும்பமாகிவிட்டன. பிரினியா இருப்பதோ தையல்சிட்டின் குடும்பத்தில்.

இன்று காலை வீட்டுக் கொய்யாவில் இந்த ஃபில்லோஸ்கோபஸ் ஒன்றைப் பத்து நிமிடம் பார்த்தேன். பத்துக் கிராம்கூடத் தேறாத உடம்பு. மேலே மங்கிய பச்சை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக் கோடு. கொப்பின் நுனிக்குப் போய் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் எட்டிப் பார்க்கிறது, எதையோ கொத்துகிறது, சிறகை ஒரு வெட்டு வெட்டி அடுத்த இலைக்குப் போகிறது. ஒரு கணம் ஓய்வில்லை. ஃபில்லோஸ்கோபஸ் என்ற கிரேக்கப் பெயரே இலையைத் துழாவுவது என்ற பொருளில் வைத்ததுதான்.

ஆகவே என் முன்மொழிவு 'தழைச்சிட்டு'. 'இலைக்குருவி' என்றே வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் லீஃப்பேர்டு (leafbird), அதாவது இலைப்பறவை, என்று வேறொரு பறவை இருக்கிறது. நாளைக்கு அதற்குப் பெயர் வைக்கும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். தவிர, இலை என்பது ஒற்றை. ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோமே, கொப்போடு சேர்ந்த அந்தக் கொத்துதான் தழை. இந்தப் பறவையின் பிழைப்பு முழுவதும் அதற்குள்தான். மலையாள வழியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'பொடிக்குருவி' என்கிறார்கள். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பொடி என்பது பூக்கொத்தி என்ற இன்னொரு சின்னப் பறவைக்கும் பொருந்தும்.

பச்சைத் தழைச்சிட்டு, பெரிய அலகுத் தழைச்சிட்டு, டிக்கெல் தழைச்சிட்டு: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

ஒன்றில் மட்டும் தடுமாறுகிறேன். பிளித் நாணல் கதிர்க்குருவி என்ற இன்னொரு வலசை வார்ப்ளர். குளிர்காலத்தில் இங்கே அது நாணலை நாடுவதில்லை. வேலிப் புதருக்குள் மறைந்துகொண்டு 'செக், செக்' என்கிறது. டுமெடோரம் என்ற அதன் இலத்தீன் பெயரும் புதரைத்தான் சொல்கிறது. 'புதர்ச்சிட்டு' என்று வைக்கலாம் என்றால், அந்தப் பெயரில் வேறொரு பறவை ஏற்கெனவே இருக்கிறது. வேலிப்புதருக்கு உங்கள் பக்கம் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், கம்பம், செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் குறிப்பாக.