'தற்காப்பு' வேண்டாம், 'முறிப்பு' பொருந்தும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'இரட்டை ஒப்பந்தத் தற்காப்பு' என்று போட்டிருக்கிறோம். இத்தனை பிடி (சுற்றில் வெல்வது ஒரு பிடி) எடுப்போம் என்று ஓர் அணி ஏலத்தில் ஏற்பது ஒப்பந்தம். அதற்கு எதிரணி 'டபுள்' சொன்னால் பந்தயம் ஏறும். அந்த ஒப்பந்தத்தைத் தோற்கடிக்க எதிரணி ஆடுவதைத்தான் தற்காப்பு என்றிருக்கிறோம். நடுவில் உள்ள ஒப்பந்தத்தில் எனக்குச் சிக்கல் இல்லை. முன்னும் பின்னும்தான் உறுத்துகிறது.

இரட்டைக் குழந்தை, இரட்டைக் கதவு என்றால் எண்ணிக்கையில் இரண்டு. இரட்டை ஒப்பந்தம் என்று படிப்பவர் இரண்டு ஒப்பந்தங்களைத் தேடுவார். இங்கே ஒப்பந்தம் ஒன்றுதான், பந்தயம்தான் ஏறுகிறது. எனவே 'இரட்டித்த ஒப்பந்தம்'. மேசையில் சொல்ல 'இரட்டி' போதும். இதற்குச் 'சவால்' என்று வந்த பரிந்துரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூட்டாளியை அவருடைய சீட்டு இனத்தைச் (இஸ்பேட், ஆர்ட்டின் போல) சொல்லச் சொல்லிக் கேட்கும் இரட்டியும் உண்டே, அதில் யாருக்கு என்ன சவால்? அதைக் 'கேட்பு இரட்டி' என்றும், எதிரணியைத் தண்டிக்கச் சொல்வதைத் 'தண்ட இரட்டி' என்றும் பிரித்துக்கொள்ளலாம். (தண்டமாய்ப் போன இரட்டிகளும் என் கணக்கில் நிறைய.)

கறாராகப் பார்த்தால் இரட்டியிலும் தண்டம் சரியாக இரண்டு மடங்காவதில்லை. வல்னரபிள் (தண்டமும் பரிசும் கூடுதலாகும் நிலை) அல்லாத அணிக்கு ஒப்பந்தத்தில் ஒரு பிடி குறைந்தால் 50 என்பது 100 ஆகும். இரண்டு குறைந்தால் 100 என்பது 300, மூன்றுக்கு 150 என்பது 500. நான்காவதிலிருந்து பிடிக்கு 300 கூடும். இருந்தாலும் பெயர் நிலைத்துவிட்டது, விட்டுவிடுவோம். வல்னரபிளுக்கு என்ன சொல் என்பதற்குத் தனி இழை வேண்டும்.

என் முக்கியமான மறுப்பு தற்காப்பின் மீது. ஒப்பந்தத்தை எதிர்த்து ஆடும் இருவரும் எதைக் காக்கிறார்கள்? ஒரு கையைப் பாருங்கள். வல்னரபிள் அல்லாத எதிரணி இரண்டு இஸ்பேட் ஏலம் எடுத்தது, அதாவது இஸ்பேட் துருப்பாக எட்டுப் பிடி எடுக்க வேண்டும். நாங்கள் இரட்டித்தோம். ஏலம் எடுத்தவர் கையில் துருப்பில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. டைமனில் நான்கு சின்னச் சீட்டு, வெளியே ஒரு ஏஸ். அவருடைய கூட்டாளி மேசையில் விரித்த திறந்த கையில் துருப்பு ஒன்பது, எட்டு, ஏழு, டைமன் இரண்டே. என்னிடம் மூன்று சின்னத் துருப்பும், டைமனில் ஏஸ், ராஜா, ஒரு சின்னச் சீட்டும்.

ஆசைப்பட்டு டைமன் ஏஸையும் ராஜாவையும் வைத்தேனானால், அவர் வேலையை நானே முடித்துக் கொடுத்தேன். மீதி இரண்டு டைமனையும் திறந்த கையில் வெட்டி எட்டுப் பிடி எடுத்துவிடுவார். இரட்டிக்காதிருந்தால் வெறும் 110 பெற வேண்டியவருக்கு 470. அதற்குப் பதிலாக முதல் சீட்டே துருப்பு. அவர் டைமன் விடுவார், நான் பிடித்து மறுபடி துருப்பு. இன்னொரு டைமன், இன்னொரு துருப்பு. திறந்த கையில் வெட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆறு பிடியோடு நிற்பார், எங்களுக்கு 300.

அவருடைய திட்டத்தை உருவி எடுக்கிற இந்த ஆட்டத்தைத் தற்காப்பு என்றால் பொருந்துகிறதா? ஒப்பந்தத்தை முறிப்பது என்பது தமிழில் ஏற்கெனவே புழங்குகிற பேச்சு. அதனால் 'முறிப்பு', 'முறிப்பாளர்'. முழுப் பெயர் 'இரட்டித்த ஒப்பந்த முறிப்பு'.

ஒப்பந்தத்தை முறிப்பவர் அதில் கையெழுத்திட்டவராகத்தானே இருப்பார் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. முறியடித்தல் என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் எதிராளியின் செயல் என்பது காதில் விழும் என்று நினைக்கிறேன். 'முறியடிப்பு' என்றே வைக்கலாம், ஆனால் 'முறியடிப்பாளர்' நாக்கில் உருளவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் தடுமாறுகிறது. எதிரணி வல்னரபிளாக நான்கு ஆர்ட்டின் எடுத்து முடித்தால் அவர்களுக்கு 620. அதைத் தடுக்க, வல்னரபிள் அல்லாத நாம் தெரிந்தே தோற்கும் ஏலம் எடுக்கிறோம், அவர்கள் இரட்டிக்கிறார்கள். மூன்று பிடி குறைந்தால் நமக்கு நஷ்டம் 500, அதாவது லாபம்தான். நான்கு குறைந்தால் 800. முறிவது முதலிலேயே தெரிந்துவிட்டது, சண்டை முழுவதும் அந்த நான்காவது பிடிக்குத்தான். குறைந்த பிடிக்குக் 'குறைபிடி' என்று வைத்தால், இங்கே நடப்பதைக் 'குறைபிடி வேட்டை' எனலாமா? இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.