தீபாவளிக்கு வெடிக்காத வெடி

வெளிநாட்டில் முதல் வருடப் பண்டிகைகள் எப்படிப் போயின என்று கேட்டதற்கு, பனியில் கோலம் போட்டதையும் நள்ளிரவில் விழித்திருந்து ஊருக்குப் பேசியதையும் பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கதையில் பனி கிடையாது. பாளையங்கோட்டையிலிருந்து கொழும்புக்கு வந்த எங்களுக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வேலைகூட இருக்கவில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். தெருவில் தமிழ், கடைப் பலகையில் தமிழ், சீனியும் கருப்பட்டியும் எங்கள் ஊரைப் போலவே சீனியும் கருப்பட்டியும். இதெல்லாம் ஒரு வெளிநாடா என்ற மிதப்பில்தான் செப்டம்பரில் கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் நாலாம் மாடிக்குக் குடிவந்தோம். மிதப்பு தீபாவளி வரைக்கும் நீடித்தது.

இங்கே தீபாவளிக்கு அரசு விடுமுறை உண்டு, வங்கி விடுமுறையும் உண்டு. ஆனால் தனியார் நிறுவனங்களுக்கான வர்த்தக விடுமுறை இல்லை. நாள்காட்டியில் விடுமுறைகளுக்கு இப்படித் தனித்தனிக் குறி இருப்பதை நாங்கள் கவனிக்கவேயில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது தனியார் நிறுவனம். விடிகாலை நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, ஏழரைக்கெல்லாம் வேலைக்குப் போய்விட்டார். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. இருவரும் பால்கனியில் நின்று வெடிச்சத்தம் எந்தப் பக்கமிருந்து வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ தூரத்தில் ஒன்றிரண்டு கேட்டது. அவ்வளவுதான். என்னிடம் இருந்ததோ ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு. அதையும் மாலையில் அடித்த மழை கொளுத்த விடவில்லை.

பால் வாங்கப் போனால் மளிகைக் கடையும் பாதிதான் திறந்திருந்தது. முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். பையன்கள் எல்லாம் ஹட்டனுக்கும் பதுளைக்கும் போய்விட்டார்கள், தீபாவளி அல்லவா என்றார். அப்போதுதான் விளங்கியது. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் தீபாவளிதான் பெரிய நாள். தோட்டத் தொழிலாளர்களுக்கு அதற்கென்று முற்பணமே கொடுப்பார்கள். எங்கள் தெருத் தீபாவளி முந்தின இரவே பஸ் ஏறி மலைக்குப் போயிருந்தது. கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய சிவன் கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். உள்ளே குளிர்ச்சியாக, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் நிற்பதுபோலவே இருந்தது. வீடு திரும்பி அதிரசத்தை டப்பாவில் அடைக்கும்போது அழுகை வந்துவிட்டது. மகள் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன்.

அந்த அதிரசத்தில் பத்தை எடுத்துத் தட்டில் வைத்து எதிர்வீட்டு அன்ரிக்குக் கொடுத்தேன். அன்ரி கத்தோலிக்கர், பூட்டனார் தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்தவராம். தட்டு திரும்பி வரவில்லை. மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் முதல் வாரம் அன்ரி கதவைத் தட்டினார். "பிள்ளை, கைக்கு வேலை இல்லாவிட்டால் வாருங்கள், கேக்குக்கு வெட்ட வேண்டும்." இங்குள்ள கிறிஸ்துமஸ் கேக்கை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. மைதாவைவிட ரவைதான் அதில் ஆள். மஞ்சட்கரு மட்டும் இருபத்தைந்து. சர்க்கரைப் பாகில் ஊறிய பூசணி, உலர்ந்த திராட்சை, இஞ்சிப் பாகு, கஜு எல்லாவற்றையும் அரிசி மணி அளவுக்கு நறுக்க வேண்டும். இயந்திரத்தில் போட்டால் என்ன என்று கேட்டேன். அன்ரி பதிலே சொல்லாமல் இன்னொரு கத்தியை என் பக்கம் நகர்த்தினார். இரண்டு பிற்பகல்கள் நறுக்கினோம். பூசணிப் பாகு ஒட்டிய விரலை மகன் அவ்வப்போது வந்து சப்பிவிட்டுப் போனான். சுட்ட கேக்கை உடனே தின்னக் கூடாதாம். வாரக்கணக்கில் ஊற வேண்டும். பிறகு தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்த் தாளிலும் மினுங்கும் தாளிலும் சுற்றினோம்.

இருபத்து நான்காம் தேதி இரவுப் பூசைக்கு அன்ரியோடு லூசியாள் பேராலயத்துக்குப் போனேன். வாசலில் பொலிஸார் கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். அன்ரி கேட்பதற்கு முன்பே திறந்து காட்டினார். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த அந்தோனியார் கோயில் அங்கிருந்து பக்கம்தான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அங்கே போகிறவர் அவர். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் காலை என் அதிரசத் தட்டு, கேக் துண்டுகள் அடுக்கி, மேலே பூப்போட்ட துணி மூடி வந்து சேர்ந்தது. தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தாராம். முப்பத்தொன்றாம் தேதி நள்ளிரவில் துறைமுகக் கப்பல்கள் சேர்ந்து சங்கு ஊதின. ஊரே வெடி கொளுத்தியது. மகன் தூக்கத்தில் எழுந்து, தீபாவளியா என்று கேட்டான்.

பொங்கலுக்கு முந்தின நாள் கடையில் முந்திரி நூறு கிராம் கேட்டேன். பொட்டலத்தைப் பிரித்தால் உலர்ந்த திராட்சை! இங்கே முந்திரிகை என்றால் திராட்சை. நம் முந்திரிக்குப் பெயர் கஜு. இரண்டு பிற்பகல்கள் கஜுவை நறுக்கிய எனக்கு அது நினைவுக்கு வராமல் போனது என் குற்றம்தான். ஆனால் அதே கடை வாசலில் ஒரு சாக்கின்மேல் பனங்கிழங்குக் கட்டுகள் கிடந்தன, மண் ஒட்டியபடி. கிழங்கு இல்லாமல் எங்கள் பக்கத்தில் பொங்கல் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது என்றார்கள். விலை கேட்காமல் இரண்டு கட்டு வாங்கினேன்.

பொங்கல் எல்லாருக்கும் விடுமுறை, வர்த்தக விடுமுறையும் சேர்த்து. மூன்றாம் மாடி யாழ்ப்பாணத்து ஐயா மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தார். பொச்சு மட்டையை எடுத்துத் தாருங்கள் என்று என்னிடம் சொன்னார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அந்த முதல் சொல் நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாதது. தேங்காய் உரித்த மட்டையை, எங்கள் ஊர்க் கதம்பையைத்தான் கேட்கிறார் என்று புரிவதற்குள் என் வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் பானையில் தேங்காய்ப் பாலும் பயறும். எங்கள் பானையில் பசும்பாலும் பாசிப்பருப்பும். கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். அதில் அம்மாவின் பானையும் பாளையங்கோட்டை முற்றத்தில் அதே நேரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

ஐயாவின் பானை முதலில் பொங்கியது. நாங்கள் குலவையிட வாயெடுப்பதற்குள் அவருடைய மகன் ஒரு சரம் சீனவெடியைக் கொளுத்திப்போட்டுவிட்டான். கீழேயிருந்து சிங்களக் காவலாளி என்னவோ ஏதோ என்று மூச்சிரைக்க ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் அடுத்த சரத்தைத் தானே வாங்கிக் கொளுத்தினார். என் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். எங்கள் பானை பொங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. பாதிப் பால் அடுப்பில் போய்விட்டிருந்தது.

புகை கலைந்ததும் கைபேசியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏட்டி, அங்கே இன்றைக்குத்தான் தீபாவளியா?"