சின்னவனோட முதல் டென்ட் ராத்திரி, குளிர் தாங்குவானா?

கேள்வி: அடுத்த மாசம் பசங்கள (9, 5 வயசு) கூட்டிட்டு மலைல ஒரு ராத்திரி டென்ட் போடலாம்னு இருக்கோம், சின்னவனுக்கு பெரியவங்க சைஸ் ஸ்லீப்பிங் பேக்தான் இருக்கு, போதுமா?

பதில் 1: பேக் பெருசா இருந்தா அவன் உடம்புச்சூடு காலி இடத்த சூடாக்கவே போயிடும், கால்பக்கம் மிச்சத்த மடிச்சு அடில சொருகிடுங்க. அதவிட முக்கியம் கீழ விரிக்கிற மேட். படுத்தா முதுகுக்கு அடில பேக்கோட பஞ்சு நசுங்கிடும், அப்புறம் தரைக்குளிர் நேரா ஏறும். நாங்க மேட் இல்லாம போயி, ராத்திரி 2 மணிக்கு எம்பொண்ணு என்மேல ஏறி படுத்துகிட்டா, விடியிற வரைக்கும் நான் அசையல 😅

பதில் 2: பகல்ல நடந்த பனியனோட படுக்க விடாதீங்க, வேர்வை ஈரத்தோட காட்டன் லேசுல காயாது. காய்ஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி தனியா கவர்ல வைங்க. குளிருதேன்னு டென்ட்டுக்குள்ள அடுப்பு, கரி மட்டும் வேணவே வேணாம், அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது.

பதில் 3: ரெண்டு பேருக்கும் கழுத்துல விசில். வழி தவறினா நின்ன இடத்துலயே நின்னு மூணு மூணு தடவ ஊதணும், வீட்லயே பழக்கிடுங்க (அக்கம்பக்கம் திட்டும், பரவால்ல).

கேட்டவர்: மேட் பத்தி யோசிக்கவே இல்ல, நன்றிங்க. இந்த வாரம் ஹால்லயே டென்ட் போட்டு பாக்கறோம்.