அப்பா விட்டுப்போன 412 சிடி: எதை வைக்கலாம், எப்படிக் காப்பாத்தலாம்?

காவிரிக்கரை_மகள்:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அப்பா நாதஸ்வரக்காரர். மாயவரம் பக்கம் ஒரு கிராமம். கச்சேரியோ முகூர்த்தமோ இல்லாத நாள்ல அவருக்கு ஒரே பழக்கம் படம் பார்க்கிறதுதான். 2002-ல விசிடி பிளேயர் வாங்கினார். கல்யாண சீசன் முடிஞ்சு கையில காசு வந்தா கும்பகோணம் போய் நாலு படம் வாங்கிட்டு வருவார். மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் போட்டப்போ, நாதஸ்வர உறைக்குப் பக்கத்துல இன்னொரு துணிப்பை தொங்கவிட்டுக்கிட்டு வந்து இறங்கினார். அந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

போன ஆவணியில அப்பா தவறிட்டார். வீட்டை ஒழிக்கும்போது பரண்லேர்ந்து மூணு அட்டைப்பெட்டி இறங்குச்சு. எண்ணிப் பார்த்தேன், 412 வட்டு. "எல்லாம் யூட்யூப்ல இருக்கு, பழைய இரும்புக்காரன்கிட்ட போடு"ன்னு தம்பி சொல்றான். என்னால முடியல. காரணம், ஒவ்வொரு உறைக்குள்ளயும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கு. அவருக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளோட பின்பக்கத்தை நறுக்கி எழுதினது. தேதி, கூட யார் பார்த்தாங்க, அப்புறம் ரெண்டு வரி அபிப்பிராயம். சில சீட்டுல முன்பக்க மஞ்சளும் குங்குமமும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.

"அந்த நாள்" உறையில: "வீணைக்காரர் பாலச்சந்தர் எடுத்த படம். ஒரு பாட்டு கிடையாது. சங்கீதக்காரனுக்கு எங்க பாட்டு வேணாம்னு தெரிஞ்சிருக்கு. ரெண்டாம் தடவை."

"உதிரிப்பூக்கள்" உறையில: "அவன் ஆத்துல இறங்குறான். பிள்ளைங்க கரையில நிக்குது. அழுகை வந்துச்சு, அவனுக்காக இல்ல."

இதையெல்லாம் ஒழுங்கான ஒரு தொகுப்பா ஆக்கணும். என் பசங்க பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பார்க்கணும். சில வட்டுல வெள்ளையா பூஞ்சை படர்ந்திருக்கு, சிலது பாதியில நின்னுடுது. எதை முதல்ல காப்பி எடுக்கணும்? வட்டை எப்படித் துடைக்கணும்? ஹார்ட் டிஸ்க் எவ்வளவு பெருசு வேணும்?

இன்னொண்ணும் கேட்கணும். "தில்லானா மோகனாம்பாள்" விசிடி போடும்போதெல்லாம் அப்பா முகம் சுளிப்பார். "சுருதி ஏறிக் கிடக்கு, தியேட்டர்ல இப்படி இல்ல"ன்னு சொல்வார். பிளேயர் கோளாறுன்னு நாங்க ரெண்டு பிளேயர் மாத்தினோம். அப்பவும் அதையேதான் சொன்னார். வயசாயிடுச்சு, காது பிசகுதுன்னு அம்மாகூட சொல்லிட்டாங்க. இதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?

மகாமகக்குளம்_சிடிகடை:

தங்கச்சி, கும்பகோணத்துல பன்னெண்டு வருஷம் சிடி வாடகைக்கடை வச்சிருந்தேன். உங்க அப்பா எங்கிட்டயும் வந்திருக்கலாம். நாதஸ்வர உறையோட வர்றவங்க ரெண்டு மூணு பேர் உண்டு.

முதல்ல எல்லா வட்டையும் கவுத்துப் பாருங்க. அடிப்பக்கம் சுத்த வெள்ளியா மின்னினா கம்பெனி அச்சு. பச்சை, நீலம், ஊதா ஏதாவது ஓடினா அது கம்ப்யூட்டர்ல எழுதினது. எழுதின வட்டுல பதிவு ஒரு சாயத்துலதான் நிக்குது. பரண் சூட்டுல அந்தச் சாயம் வெளுத்துடும். அதனால எழுதினதை முதல்ல காப்பி எடுங்க, கம்பெனி வட்டு அப்புறம். எழுதின வட்டு எல்லாமே சினிமான்னும் நினைச்சுடாதீங்க. கல்யாண வீட்டுக்காரங்க அப்பாவுக்குக் குடுத்த வீடியோ சிடி அதுல கலந்திருக்கும். நிதானமா ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.

துடைக்கிறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு, பழைய பருத்தி வேட்டித் துணி போதும். நடுவுலேர்ந்து விளிம்புக்கு நேரா இழுங்க, வட்டமா சுத்தித் தேய்க்காதீங்க. பதிவு வட்டமா ஓடுது, வட்டமா கீறல் விழுந்தா ஒரே இடத்துல நிறைய போயிடும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகவேணாம். சிடி, விசிடியில பேர் அச்சடிச்ச மேல்பக்கத்தை ரொம்பப் பத்திரமா பாருங்க. அலுமினியப் பூச்சு அந்தப் பக்கத்து அரக்குக்கு அடியிலயேதான் இருக்கு, அங்க உரிஞ்சா படம் போச்சு. டிவிடியில ரெண்டு தகட்டுக்கு நடுவுல இருக்கிறதால கொஞ்சம் தாங்கும்.

விசிடி காப்பி ரொம்ப லேசு. உள்ள எம்பெகாவ் (MPEGAV)-னு ஒரு ஃபோல்டர், அதுல டேட் (.DAT) ஃபைல் இருக்கும். அதை அப்படியே எடுத்துப் போட்டுக்குங்க. வேற ஃபார்மேட்டுக்கு மாத்தாதீங்க. 352-க்கு 288 புள்ளிதான் அதுல இருக்கிறதே, மாத்தினா அதுவும் கலங்கிடும். நிக்கிற வட்டை வேற டிரைவ்ல போட்டுப் பாருங்க. என்கிட்ட ஒண்ணு படிக்காததை இன்னொண்ணு படிச்சிருக்கு.

விசிடி ஒண்ணு 700 எம்பி வரும், டிவிடி பெரியது 8 ஜிபிக்கு மேல போகும். 412-க்கு 2 டிபி தாராளம். ஆனா ரெண்டு வாங்குங்க. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு தம்பி வீட்டுல. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ரெண்டையும் ஓடவிட்டுப் பாருங்க.

சுருதி விஷயம் எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

ஸ்காபரோ_ராசா:

பிள்ளை, அப்பாவின்ரை துண்டுகளை வாசிச்சுக் கண் கலங்கிப் போச்சு. எண்பதுகளிலை எங்கட ஊரிலை டிவி, டெக், ஜெனரேட்டர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து, முத்தத்திலை பாய் விரிச்சு விடிய விடிய நாலு படம் ஓடும். இஞ்ச கனடாவுக்கு வந்த பிறகுதான் நான் சேர்க்கத் தொடங்கினது.

ஒரு விசயம் சொல்லவேணும். படத்தின்ரை பேரை மட்டும் பார்த்து வைக்காதேங்கோ, எந்தக் கொப்பி எண்டு பாருங்கோ. தமிழிலை வந்த முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் ராஜராஜ சோழன், 1973. அகலப்படங்களைப் பழைய டிவிப் பெட்டிக்கு ஏத்த மாதிரி வெட்டின கொப்பியள் கனக்க வந்தது. அப்பிடி வெட்டினால் நூறிலை நாற்பது பங்குக்கு மேலை படம் காணாமல் போகும். என்னட்டை இருந்த ஒண்டிலை ரெண்டு பேர் கதைக்கிற காட்சியிலை ஒருத்தரின்ரை மூக்கு மட்டும்தான் ஓரத்திலை தெரியும். பிறகு முழு அகலக் கொப்பி கிடைச்சுது. நான் பார்த்தது வேறை படம் எண்டு அப்பதான் விளங்கிச்சு.

"அந்த நாள்" பற்றி அப்பா எழுதினது சரி. ஆனால் என்னை இழுத்தது பாட்டு இல்லாதது இல்லை. சென்னையிலை 1943-இல் ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரத்தை ஒட்டின கதை. ஒரு கொலை, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவினம். 1954-இல் சிவாஜியை அப்பிடியான ஒரு கதையிலை போட்டிருக்கினம். அப்பா இருந்திருந்தால் விடிய விடியக் கதைச்சிருப்பன்.

தீபாவளி_ரிலீஸ்:

அக்கா, தம்பி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. 412-ம் வேணுமா? அப்பா ரெண்டாம் தடவை பார்த்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை விடலாம்னு தோணுது. இடமும் ஒரு பிரச்சினைதானே.

மகாமகக்குளம்_சிடிகடை:

தம்பி, இடம் பிரச்சினைன்னா பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப் போடலாம், உறையும் வட்டும் கொஞ்ச இடத்துல அடங்கிடும். ஆன்லைன்ல இருக்குன்னு நம்பி விட்டுடாதீங்க. உரிமம் முடிஞ்சா ஒரே ராத்திரியில எடுத்துடறான், நானே மூணு படத்தைப் பாதியில விட்டிருக்கேன். 1931-ல வந்த "காளிதாஸ்", தமிழ் பேசின முதல் படம், அதுக்கே இன்னைக்கு ஒரு பிரதி மிச்சமில்ல. யாரோ ஒருத்தர் பரண்ல வச்சிருந்தா நாம பார்த்திருப்போம்.

ஒலிக்கூடம்_ஓய்வு:

அம்மா, சினிமா ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவின் காது பிசகவில்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

தியேட்டரில் படம் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும். அப்போது நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25. பால் முறையில் வட்டு தயாரிக்கும்போது 24-ஐ அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள், அதுதான் சுலபம். படம் நூற்றுக்கு நாலு பங்கு வேகமாக ஓடும். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடியும். நடையில், பேச்சில் யாருக்கும் தெரியாது. ஒலியும் கூடவே வேகமாவதால் சுருதி ஏறும். சுருதியைக் கட்டையில் அளப்போம்; கணக்குப் போட்டால் அரைக் கட்டையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

மற்றவர்களுக்கு இது காதில் விழாது. இரண்டு கட்டை பாரி என்ற நீள நாதஸ்வரத்தைத் தினமும் கையில் பிடித்தவருக்கு விழாமல் எப்படி இருக்கும்? அந்தப் படத்தில் வாசித்திருப்பவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 1968-இல் தியேட்டரில் அந்த வாசிப்பைக் கேட்டவர், 35 வருஷம் கழித்தும் அந்தச் சுருதியை மனசில் வைத்திருந்திருக்கிறார். ரீரிக்கார்டிங்கில் எத்தனையோ வித்வான்களோடு உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு காது அபூர்வம்.

சோதித்துப் பாருங்கள். விஎல்சி (VLC) என்ற வீடியோ பிளேயரில் அந்த ஃபைலைத் திறந்து கோடெக் தகவலைப் பாருங்கள். 352-க்கு 288, நொடிக்கு 25 என்று இருந்தால் பால். 352-க்கு 240, நொடிக்கு 29.97 என்றால் அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC), அதில் இந்த வேகச் சிக்கல் வராது. பால் என்றால் வேகத்தை 0.96 வையுங்கள். ஆனால் ஒலி அமைப்பில் டைம் ஸ்ட்ரெச்சிங் என்று ஒரு டிக் இருக்கும், முதலில் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வேகம் மட்டும் குறையும், சுருதி இறங்காது. பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

துண்டுச் சீட்டுகளை ஸ்கேன் செய்து, படத்தின் ஃபைலுக்கு என்ன பெயரோ அதே பெயரை வைத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். பின்பக்கம் இருக்கும் பத்திரிகையையும் சேர்த்து எடுங்கள்.

காவிரிக்கரை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரமா இதே வேலைதான். 290 வட்டு காப்பி ஆயிடுச்சு.

ஐயா சொன்னபடி பார்த்தேன். 352, 288, 25. டிக்கை எடுத்துட்டு 0.96 வச்சேன். அப்பாகிட்ட பதினோரு வருஷம் கத்துக்கிட்ட அண்ணன் ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார், அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சேன். எதுவும் சொல்லாம முதல்ல பழைய வேகத்துல போட்டேன், அப்புறம் இதை. ரெண்டாவது தொடங்கி அஞ்சு நொடி ஆகல, நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐயா கேட்டது இதுதாம்மா"ன்னார். அம்மா அடுப்படியிலேர்ந்து வந்து நிலைப்படியில நின்னாங்க. பாட்டு முடியிற வரைக்கும் நகரல. "பாவம், நான் வேற அவர் காதைக் குறை சொன்னேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

தம்பியும் வந்து 60 சீட்டு ஸ்கேன் பண்ணிக் குடுத்தான். இரும்புக்காரன் பேச்சை இப்ப எடுக்கிறதில்ல.

சிடிகடை அண்ணா, நீங்க சொன்னது நடந்துச்சு. ஊதா வட்டு 23 இருந்துச்சு. அதுல ஒண்ணு 2004 தை மாசம் திருவாரூர்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அப்பாதான் வாசிக்கிறார். கேமராக்காரர் பாதி நேரம் கூட்டத்தைத்தான் எடுத்திருக்கார், ஆனா சத்தம் முழுசா இருக்கு. அந்த உறையிலயும் சீட்டு வச்சிருக்கார்: "தோடி நல்லா வந்துச்சு. கார் வந்துடுச்சுன்னு அவசரப்படுத்தினாங்க. இன்னும் கால் மணி குடுத்திருக்கலாம்."

அது 31-வது நிமிஷத்துல நின்னுடுது. என்கிட்ட இருக்கிற ரெண்டு டிரைவ்லயும் போட்டுப் பார்த்தாச்சு. சோப்புத் தண்ணியிலயும் துடைச்சேன், கீறல் எதுவும் தெரியல. விளிம்புப் பக்கம் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்கு. உங்ககிட்ட பழைய டிரைவ் இருக்குன்னீங்களே, வர்ற சனிக்கிழமை கும்பகோணம் வந்தா ஒரு தரம் போட்டுப் பார்க்க முடியுமா அண்ணா?

மகாமகக்குளம்_சிடிகடை:

காலையிலயே வாங்க. நாலு டிரைவ் இருக்கு. வட்டைப் பையில தனியா போடாதீங்க, உறையோடயே எடுத்துட்டு வாங்க. பஸ்ல ஜன்னல் வெயில் படாம பார்த்துக்குங்க.